தக்காளி காய்க்கும் கோட்டையில் ஓர் இரவு

பிரான்சில் லுவார் நதிக்கரைக் கோட்டைகளுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் சொல்வார்கள். காலையில் ஷாம்போர், மதியம் ஷெனோன்சோ, வெயில் தாழும்போது அம்புவாஸ். பாரிஸிலிருந்து விடிகாலையில் கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் இப்படித்தான் ஓடுகின்றன. ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் நாங்களும் அவர்களை அப்படித்தான் அழைத்துப் போயிருக்கிறோம். ஷாம்போரில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட அறைகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ராஜாவின் கட்டிலைப் பார்ப்போம், படம் எடுப்போம், பின்னால் வருகிறவர்கள் நெருக்குவதால் அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவோம். அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த வீட்டில் சமையலுக்குக் காய் எங்கிருந்து வந்தது, கோடையில் எந்த அறையில் படுத்தார்கள், கூரை ஒழுகினால் செலவை யார் ஏற்றார்கள் என்று எதுவும் தெரியாமலே வெளியே வந்துவிடுவோம்.

ஒரு வீட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அங்கே ஒரு வேளை சாப்பிட வேண்டும், ஒரு ராத்திரி தூங்க வேண்டும். கோட்டையும் வீடுதானே. அதனால் இந்தக் கோடை முடிவில் ஒரே ஒரு கோட்டை போதும், அங்கேயே தங்கிவிடுவோம் என்று முடிவு செய்தோம்.

பிரான்சில் ஓட்டலாக மாறிய கோட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அரசு பாதுகாக்கும் வரலாற்றுச் சின்னங்கள் இந்த நாட்டில் 40,000-க்கும் மேல் உண்டு. அவற்றில் ஏறக்குறையப் பாதி தனியார் கையில்தான் இருக்கின்றன. கற்பலகைக் கூரையை ஒரு தடவை மாற்றுவதற்கே பெரிய தொகை வேண்டும். அரசு உதவி அதில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். மீதிக்காகச் சிலர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், சிலர் திராட்சை போடுகிறார்கள், பலர் அறைகளை விருந்தினர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இத்தனை கோட்டைகளில் நான் லா பூர்தெசியேரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் என் அம்மா. பாண்டிச்சேரியில் பிறந்து வளர்ந்து, சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படை வீரராக, வேலை பார்த்த என் அப்பாவோடு இந்த நாட்டுக்கு வந்தவர் அவர். சைவம் மட்டுமே சாப்பிடுவார். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் சைவச் சாப்பாட்டுக்காரர்கள் படும் பாடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆம்லெட்டும் பச்சை இலையும் தவிர வேறு வழியில்லை என்று ஆகிவிடும். இந்தக் கோட்டையிலோ நாட்டிலேயே பெயர் பெற்ற தக்காளித் தோட்டம் இருக்கிறது. 600-க்கும் மேற்பட்ட வகைகள். அதைச் சொன்னதும் அம்மா, "காய்த் தோட்டம் இருக்குன்னா நானும் வரேம்மா. ராஜா வீடு மட்டும்னா நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

பாரிஸிலிருந்து தெற்கே காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ரயிலில் போகிறவர்கள் மோன்பர்னாஸ் நிலையத்தில் டிஜிவி என்ற அதிவேக ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் தூர் நகருக்குப் பக்கத்தில் உள்ள சேன்-பியேர்-தெ-கோரில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கிழக்கே, லுவார் நதிக்கும் ஷேர் நதிக்கும் நடுவே உள்ள மேட்டில் மோன்லூயி என்ற சிற்றூர். ஷெனின் திராட்சையிலிருந்து எடுக்கும் வெள்ளை ஒயினுக்குப் பெயர் போன ஊர். கோட்டை ஊரை விட்டுச் சற்றுத் தள்ளி, மரங்களுக்குள் நிற்கிறது.

முதல் பார்வையில் அது குழந்தைகளை மயக்கிவிட்டது. அகழி, அதன் மேல் பாலம், வெள்ளைக் கல், நீலம் கலந்த சாம்பல் நிறக் கூரை, கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் உயரமான புகைபோக்கிகள். தூர் நகரைச் சுற்றியுள்ள துரேன் பகுதி முழுக்க இந்தக் கல்தான். தூஃபோ என்பார்கள். ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தபோது படிந்த சுண்ணாம்புக் கல். வெட்டும்போது மிருதுவாக இருக்கும், கத்தியால் செதுக்கலாம், காற்றுப்பட்டால் இறுகிவிடும். அதனால்தான் இந்தப் பக்கத்து மாளிகைகளில் ஜன்னலைச் சுற்றி இவ்வளவு நுணுக்கமான பூவேலை. கல்லை வெட்டி எடுத்த குகைகளையும் இந்த ஊர்க்காரர்கள் வீணாக்கவில்லை. ஒயின் வைப்பதற்கும் காளான் வளர்ப்பதற்கும் பயன்படுத்தினார்கள், சிலர் அவற்றிலேயே குடியிருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது மதிய நேரம். அறை கிடைக்க இன்னும் நேரம் இருந்தது. எனவே நேராகத் தோட்டத்துக்கே நடந்தோம்.

உயரமான மதில் சூழ்ந்த தோட்டம். மதில் வெறும் எல்லைக்காகக் கட்டியதல்ல. பகலில் வெயிலை வாங்கி வைத்து ராத்திரியில் மெல்ல விடும், காற்றைத் தடுக்கும். பழைய பிரெஞ்சு மாளிகைகளில் காய்கறித் தோட்டங்களை மதிலுக்குள் வைத்ததன் காரணம் அதுதான். உள்ளே வரிசை வரிசையாகத் தக்காளி, ஒவ்வொரு செடிக்கும் கம்பு, ஒவ்வொரு வரிசைக்கும் பெயர்ப் பலகை. நான் கடையில் பார்த்துப் பழகிய சிவப்பு உருண்டைத் தக்காளி அங்கே சிறுபான்மை. மாட்டின் இதயம் போல் மடிப்பு மடிப்பாக இருக்கும் கேர் த பேஃப். கறுஞ்சிவப்பில் நுவார் த கிரிமே. உள்ளே மஞ்சளும் சிவப்பும் குழைந்த அனனாஸ். மிளகாய் போல நீண்டு கூர்ந்த கோர்ன்யு தெ ஸாந்த். பழுத்த பிறகும் பச்சையாகவே, கோடு கோடாக இருக்கும் கிரீன் ஸீப்ரா. மகன் அந்தக் கடைசிச் செடியின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். பச்சையாக இருப்பது பழுத்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவன் கேள்வி. வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவர் நின்று பொறுமையாகப் பதில் சொன்னார்: கண்ணை நம்பாதே, விரலால் தொட்டுப் பார், லேசாக அமுங்கும், பச்சையில் கொஞ்சம் மஞ்சள் ஓடியிருக்கும்.

அம்மாவுக்கு வேறு கேள்வி. "இதுல நம்ம நாட்டுத் தக்காளி எது?" சந்தையில் நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி என்று இரண்டு குவியல் வைத்து விற்பார்களே, அதில் முதல் குவியலைத்தான் அவர் தேடினார். அமுங்கினால் சாறு வழியும், மேலே பள்ளம் பள்ளமாக இருக்கும், தோல் மெல்லியது, ரசத்துக்குப் புளிகூட அதிகம் தேவைப்படாத அளவுக்குப் புளிப்பு. இரண்டு வரிசை தள்ளி மர்மாந்த் என்ற வகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அது பிரான்சின் தென்மேற்கைச் சேர்ந்த பழைய வகை. தட்டையானது, வரி வரியாகப் பள்ளம் விழுந்தது. "இதேதான்" என்றார். அதேதானா என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் பின்னால் அதை வாயில் போட்டபோது அவர் முகத்தில் வந்த நிறைவை நான் பார்த்தேன்.

எனக்கு இந்தத் தோட்டத்தில் பிடித்த விஷயம் இத்தனை வகைகளை அவர்கள் விதையாகக் காப்பாற்றும் முறை. கடையில் கிடைக்கும் தக்காளியில் பெரும்பகுதி கலப்பின விதையிலிருந்து வருவது. அதன் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த ஆண்டு தாய்ச் செடி போலவே வரும் என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் விதை வாங்கித்தான் ஆகவேண்டும். பழைய வகைகள் அப்படியில்லை. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதனால் பல வகைகளை அருகருகே நட்டாலும் கலப்பு குறைவு. நல்ல பழத்தைத் தேர்ந்தெடுத்து, விதையை அதன் கொழகொழப்போடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, கழுவிக் காயவைத்தால் போதும். வேலை எளிதுதான். ஆனால் 600 வகைக்கும் அதை யாராவது செய்ய வேண்டும், ஒன்றோடொன்று கலக்காமல் பெயர் எழுதிவைக்க வேண்டும், எதையும் விட்டுவிடாமல் மாற்றி மாற்றி நட வேண்டும். ஒரு வகையை யாரும் சில காலம் நடாமல் விட்டுவிட்டால் அது உலகத்தை விட்டே போய்விடக்கூடும். மாளிகையின் தூண் விழுந்தால் படத்தைப் பார்த்து மறுபடி கட்டிவிடலாம். தக்காளிக்கு அந்த வாய்ப்பில்லை.

இதைத் தொடங்கியவர் லூயி ஆல்பேர் த ப்ரோய். 1990-களின் தொடக்கத்தில் அவரும் அவருடைய சகோதரரும் சேர்ந்து இந்தக் கோட்டையை வாங்கினார்கள். பெயரைக் கேட்டதும் என் கணவர் நிமிர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் டி பிராய் அலைநீளம் படித்த எல்லோருக்கும் அந்தக் குடும்பப் பெயர் தெரியும். 1929-இல் நோபல் பரிசு பெற்ற லூயி த ப்ரோய் இந்த வம்சத்தவர்தான். பிரெஞ்சு ஊடகங்கள் லூயி ஆல்பேரைத் தோட்டக்கார இளவரசர் என்று அழைக்கின்றன. பாரிஸில் பாடம் செய்த விலங்குகளுக்கும் பள்ளிக்கூடச் சுவர்ப்படங்களுக்கும் புகழ்பெற்ற தெய்ரோல் என்ற பழைய கடையை 2001-இல் வாங்கி நடத்திவருபவரும் இவரே. பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் பரம்பரைச் சொத்துள்ள எத்தனையோ பேர் குதிரைப் பந்தயத்தோடு நின்றுவிடுகிற உலகத்தில், ஒருவர் தக்காளி விதையைப் பத்திரப்படுத்துவதை நான் மனதாரப் பாராட்டுவேன்.

தோட்டத்திலேயே கோடைக்காலத்தில் தக்காளி பார் ஒன்று இயங்குகிறது. ஒயின் பார் என்பது போலத் தக்காளி பார். தட்டில் பல நிறத் துண்டுகள், ரொட்டி, எண்ணெய், துளசி வாசம் வீசும் பாசிலிக் இலை. அனனாஸ் வகையில் புளிப்பே இல்லை, பழம்போல் இனிக்கிறது. நுவார் த கிரிமேயில் ஒரு கரிப்பு உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது. மகள் மஞ்சள் நிறத்தில் பேரிக்காய் வடிவில் இருந்த சின்னத் தக்காளிகளைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அம்மா உப்பு கேட்டார், அப்புறம் மிளகுத்தூள் கேட்டார். "இதையெல்லாம் சமைச்சா பாவம்" என்றும் சொன்னார். ரசம் வைக்காமல் ஒரு நாளும் இருக்காத என் அம்மாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை இதை வளர்த்தவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

தக்காளியைப் பற்றி இவ்வளவு பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. இந்தக் கோட்டையை 1520-இல் கட்டத் தொடங்கியபோது ஐரோப்பாவில் தக்காளியே கிடையாது. அந்த ஆண்டில்தான் ஸ்பானியப் படை மெக்சிகோவில் அஸ்தெக்குகளோடு போரிட்டுக்கொண்டிருந்தது. அந்த வெற்றிக்குப் பிறகே செடி கடல் தாண்டியது. ஐரோப்பியத் தாவர நூல் ஒன்றில் அதைப் பற்றிய முதல் குறிப்பு 1544-இல், இத்தாலியில். பிரான்சிலோ அது நெடுங்காலம் அழகுச் செடியாகவே இருந்தது. பாரிஸின் பெரிய விதை வணிகர்களான வில்மொரேன், 1760-இல் அதை அலங்காரச் செடிகளோடு சேர்த்தார்கள். 1778-இல்தான் காய்கறிப் பட்டியலுக்கு மாற்றினார்கள். ஆக, இந்த மாளிகையில் வாழ்ந்த முதல் சில தலைமுறைகள் தக்காளியைத் தின்றிருக்கவே முடியாது. நம் ஊர்ச் சமையலுக்கும் அது புதிதாய் வந்த விருந்தாளிதான். இன்று அது இல்லாமல் அங்கேயும் சமையல் இல்லை, இங்கேயும் இல்லை.

சரி, கட்டடத்துக்கு வருவோம். முதலில் இங்கே இருந்தது 14-ஆம் நூற்றாண்டின் கோட்டை, புசிக்கோ என்ற படைத்தலைவரின் குடும்பத்துடையது. பிறகு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் நிதி நிர்வாகியான பிலிபேர் பாபுவிடம் வந்தது. பிலிபேரின் மனைவி மரி கோதான் பேரழகி என்று பெயர் பெற்றவர். மன்னருக்கு அவர் மேல் இருந்த பிரியத்தால்தான் இந்த மாளிகை எழுந்தது என்று இங்கே சொல்வார்கள். அடுத்தடுத்த தலைமுறையில் இதே குடும்பத்தில் கப்ரியேல் தெஸ்த்ரே. மன்னர் நான்காம் ஆன்ரியின் காதலி, அவருக்கு மூன்று பிள்ளைகள் பெற்றவர், அரசியாகும் தறுவாயில் 1599 ஏப்ரலில் கர்ப்பமாக இருந்தபோதே இறந்துபோனவர். கப்ரியேல் பிறந்தது இங்கேதான் என்று இந்த வீடு சொல்கிறது. வடக்கே கூவ்ர் கோட்டையும் அதே பெருமையைக் கோருகிறது. பேரழகிகள் பேரழகிகள் என்று சொல்லி நிறுத்திவிடுகிற வரலாறு எனக்கு எப்போதும் உறுத்தும். ராஜா கேட்டால் மறுக்க முடியாத இடத்தில் இருந்த பெண்கள் அவர்கள். அரண்மனையின் தயவு ஒரு குடும்பத்துக்கு மாளிகையைக் கொடுத்தது, அதற்கான விலை யாரிடமிருந்து போனது என்பதை எந்தப் பலகையும் எழுதுவதில்லை.

என்னை மிகவும் பிடித்துக்கொண்டது 18-ஆம் நூற்றாண்டுக் கதை. பதினைந்தாம் லூயியின் முதன்மை அமைச்சராக இருந்தவர் ஷுவாசேல் பிரபு. பக்கத்தில், அம்புவாஸ் ஊரின் விளிம்பில், ஷாந்தலூ என்ற பெரிய மாளிகை அவருடையது. 1770 டிசம்பரில் மன்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கி, ஷாந்தலூவிலேயே இருக்கும்படி உத்தரவிட்டார். அரசவையிலிருந்து தள்ளப்பட்டவரைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் வழக்கம். ஆனால் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்த நட்புக்கு நன்றியாக ஷுவாசேல் 44 மீட்டர் உயரத்தில், ஏழு அடுக்காக, சீன பாணியில் ஒரு பகோடா கட்டினார். 1775-இல் தொடங்கி 1778-இல் முடிந்தது. அதற்கு வேண்டிய கல்லுக்காக இடிக்கப்பட்டது லா பூர்தெசியேர் என்றுதான் இந்தப் பகுதியில் வழிவழியாகச் சொல்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் மாளிகையில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டில் பழைய பாணியிலேயே மீண்டும் எழுப்பியது.

ஷுவாசேல் என்ற பெயரை நான் அதற்கு முன்பே அறிந்திருந்தேன், பாண்டிச்சேரி வழியாக. 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். ஆங்கிலேயர் கோட்டையையும் நகரத்தின் பெரும்பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1763-இன் பாரிஸ் ஒப்பந்தத்தில்தான் அந்த இடிபாடு பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த ஒப்பந்தக் காலத்தில் பிரெஞ்சு அரசை வழிநடத்திய அமைச்சர் இதே ஷுவாசேல். இன்று பாண்டிச்சேரியில் சுற்றுலாக்காரர்கள் மஞ்சள் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் வெள்ளை நகரம் அந்த அழிவுக்குப் பிறகு மறுபடி எழுந்தது. அம்மா பிறந்த ஊரும் நாங்கள் அன்று படுக்கப்போகும் வீடும் ஒரே மனிதரின் காலத்தில், வேறு வேறு காரணங்களுக்காகத் தரைமட்டமானவை. இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "அங்க கட்டினவங்க நம்ம ஆளுங்க. இங்க யாரு கட்டினா?" இங்கேயும் கல்தச்சர்கள்தான். அவர்கள் பெயர்களும் எங்கும் இல்லை.

'பழைய கோட்டை என்று போனோம், பார்த்தால் பாதிக்கு மேல் 19-ஆம் நூற்றாண்டாம்' என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் கொஞ்சமும் இல்லை. மாறாமல் நிற்பது ஒன்றுதான் அசல் என்று வைத்துக்கொண்டால் இந்த லுவார் கரையில் அசல் என்று சொல்ல மிகக் கொஞ்சமே மிஞ்சும். ஒரு வீடு இடிபட்டு, கல்லைப் பறிகொடுத்து, கை மாறி, மறுபடி எழுந்து, இன்று தக்காளியாலும் விருந்தாளிகளாலும் கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அதுதானே அதன் வரலாறு.

மாலையில் பகல் பார்வையாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அதுவரை பொது இடமாக இருந்தது, அப்புறம் மெல்ல வீடாக மாறியது. குழந்தைகள் நீச்சல் குளத்தில் கூச்சல் போட்டார்கள். நானும் கணவரும் டாலியாத் தோட்டத்தைச் சுற்றினோம். லூயி பெனெக் என்ற தோட்டக் கலைஞர் வடிவமைத்தது. ஒரு ஓரத்தில் வெளிர் நிறத்தில் தொடங்கி, நடக்க நடக்க ஆரஞ்சு, சிவப்பு, கருநீலம் கலந்த ஊதா என்று நிறம் ஏறிக்கொண்டே போகிறது. கோடைக் கடைசியில்தான் டாலியா முழுதாகப் பூக்கும். தக்காளியும் அப்போதுதான் குவியும். அந்த நேரத்தில் போனது நல்லதாயிற்று. டாலியாவுக்கும் பூர்விகம் மெக்சிகோ என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. ஒரு பிரெஞ்சு மாளிகையின் இரண்டு பெருமைகளும் மெக்சிகோ வழியாக வந்தவை.

ராத்திரிச் சாப்பாட்டை நாங்கள் எளிமையாக வைத்துக்கொண்டோம். வரும் வழியில் ரொட்டியும், நடுவில் வைக்கோல் தண்டு செருகிய சேன்-மோர் ஆட்டுப்பால் சீஸும் வாங்கியிருந்தோம். தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமா என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள். மதியம் வாங்கிவைத்த தக்காளி, அம்மா கையோடு கொண்டுவந்த இட்லிப் பொடி, கணவருக்கு ஒரு கிளாஸ் மோன்லூயி ஒயின். இட்லிப் பொடியையும் நல்லெண்ணெயையும் குழைத்து அந்த மர்மாந்த் தக்காளித் துண்டில் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள். நான் இதற்கு மேல் வர்ணிக்கப்போவதில்லை.

அறையைப் பற்றி. பெரிய உத்தரங்கள் தெரியும் கூரை, நடந்தால் பேசும் மரத்தரை, பூப்போட்ட துணிகள், உயரமான ஜன்னல். நவீன ஓட்டல்களின் வழவழப்பு இங்கே இல்லை. கதவு கொஞ்சம் இறுகும், குழாயில் சுடுதண்ணீர் வர நேரம் பிடிக்கும். பழைய வீட்டுக்கு வந்தவர்கள் அதைக் குறையாகச் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். அன்று வெளியே நல்ல வெயில், உள்ளே குளுமை. அறைக்குள் நுழைந்ததும் அம்மா செய்த முதல் வேலை, வெயில் விழுந்த பக்கத்து மரச் சட்டர்களை இழுத்துச் சாத்தியதுதான். மாலை இறங்கியதும் எழுந்து எல்லாவற்றையும் விரியத் திறந்துவிட்டார். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகளில் ஆயுசு முழுக்க எல்லோரும் செய்ததுதான் அது. தூஃபோக் கல்லின் தடித்த சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடுகிறது. சட்டரும் சுவரும் சேர்ந்தால் அந்தக் கோடைக்கு ஏசி தேவைப்படவில்லை. வெப்ப அலைகள் அடிக்கடி வருகிற இந்தக் காலத்தில், பாரிஸில் துத்தநாகத் தகட்டுக் கூரைக்குக் கீழே வேகிறவர்கள் இதைப் போய் ஒரு நாள் அனுபவித்துப் பார்க்க வேண்டும்.

இருட்டு இன்னொரு அனுபவம். எங்கள் புறநகரில் ராத்திரி என்பது ஆரஞ்சு வெளிச்சம். இங்கே விளக்கை அணைத்ததும் கை தெரியவில்லை. மகன் முதலில் பயந்தான். பிறகு ஜன்னலோரம் போய் நட்சத்திரம் எண்ண ஆரம்பித்தான். மகளோ கப்ரியேல் ராணியாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாட்டியிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ராணி ஆனா மட்டும்? அவளுக்கு அப்பவும் பிள்ளை பெத்துக்கிற கஷ்டம்தான்" என்றார் அம்மா. வீட்டிலேயே பிள்ளை பெற்ற தலைமுறை அவர். கப்ரியேலின் மரணத்தை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்.

மறுநாள் காலை உணவுக்குத் தக்காளி ஜாம் இருந்தது. குழந்தைகள் அதை ஏற்கவில்லை, பெரியவர்கள் மூவரும் காலி செய்தோம். காலையிலேயே தோட்டத்தில் ஆட்கள் வேலைக்கு இறங்கிவிட்டார்கள். கீழ் இலைகளைக் கிள்ளுகிறார்கள், கிளைகளைக் கம்போடு கட்டுகிறார்கள், வேர்ப்பகுதியில் வைக்கோலைப் பரப்புகிறார்கள். ஈரம் இலையில் தங்கினால் மில்தியூ என்ற கருகல் நோய் சில நாட்களில் வரிசை வரிசையாகச் சாய்த்துவிடும். மழை பெய்யும் கோடை என்றால் தோட்டக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது என்று நேற்றைய தோட்டக்காரர் சொன்னார். பயணிகள் எழுந்திருப்பதற்குள் முடிந்துவிடும் இந்த வேலை பகலில் வந்து போகிறவர்கள் கண்ணில் படாது.

கிளம்பும்போது நேராக ஷாந்தலூ போனோம். காரில் கொஞ்ச நேரம்தான். காட்டின் விளிம்பில், பெரிய குளத்துக்கு எதிரில், பகோடா தனியாக நிற்கிறது. மாளிகை இல்லை. ஷுவாசேலுக்குப் பிறகு அது கைமாறி, வேதியியலாளர் ஷாப்தாலிடம் வந்தது. பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் முயற்சிகளை அவர் இங்கே செய்தார். அவர் விற்ற பிறகு 1823-இல் கல் வியாபாரிகள் வாங்கி, மாளிகையை முழுவதுமாக இடித்து, கல்லைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். அடுத்த வீட்டைப் பிரித்துக் கட்டிய பகோடா நிற்கிறது, அதைக் கட்டியவரின் வீடு போய்விட்டது. உள்ளே 149 படிகள். மேலே போகப் போகக் குறுகும். குழந்தைகள் ஓடி ஏறினார்கள், நானும் ஏறினேன். உச்சியிலிருந்து லுவார் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது. அம்மா கீழே மரத்தடியில், பழைய மர விளையாட்டுச் சாமான்கள் வைத்திருந்த இடத்தில், ஒரு பிரெஞ்சுப் பாட்டியோடு தக்காளி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூலைக்கு முன்னால் போனால் தக்காளி இருக்காது. இங்கே மே மாதப் பனி பயம் போன பிறகுதான் நடுவார்கள். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும்தான் சரியான காலம், தக்காளித் திருவிழாவும் செப்டம்பரில் நடக்கிறது. குளிர்காலத்தில் தங்க நினைத்தால் அறைகள் திறந்திருக்கின்றனவா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கார் இல்லாவிட்டால் சைக்கிள் நல்லது. லுவார் கரையோரம் தனிச் சைக்கிள் பாதை ஓடுகிறது. முதியவர்களோடு போகிறவர்கள் அறை எடுக்கும்போதே எத்தனை படி ஏற வேண்டும் என்று விசாரித்துக் கீழ்த்தள அறையாகக் கேளுங்கள். அப்புறம், இட்லிப் பொடியை மறக்காதீர்கள்.

பக்கத்தில் அம்புவாஸில் ஓவியர் லியோனார்டோ டா வின்சி கடைசிக் காலத்தைக் கழித்து, 1519-இல் இறந்த க்ளோ லூசே மாளிகை இருக்கிறது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.